அந்த அக்டோபருக்கு முன்பே

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள், மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு எழுதிய ஒரு கட்டுரையை எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு குரல்செய்தி: "சித்தி, படிச்சுட்டு சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சப்மிட் பண்ணணும்." அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. நின்றபடியே போனில் படிக்க ஆரம்பித்தவள், முதல் வரியைத் தாண்ட முடியாமல் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரி சொன்னது இதுதான்: தென்னிந்தியாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில், எந்த வசதியும் இல்லாத ஒரு வார்டில், உயிர் பிரிந்துகொண்டிருந்த என் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் மருத்துவராக வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அந்தப் பாட்டி என் அம்மா. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

2022 அக்டோபர் அது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் அம்மா தனியாக இருந்தார். இரவு தூக்கத்திலேயே பக்கவாதம் வந்திருக்கிறது. காலையில் மாடு கத்திக்கொண்டே இருப்பதைக் கேட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்து, கார் பிடித்து ஈரோட்டுக்குக் கொண்டுபோனார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை வாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று சொல்லவே ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கணக்கு எப்படி நிற்கும்? நெவார்க்கில் ஏறி, சென்னையில் இறங்கி, கோயம்புத்தூருக்கு இன்னொரு விமானம் பிடித்து நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். ஆறாம் நாள் அம்மா போய்விட்டார். அக்கா ஒஹாயோவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாப்பாவுக்கு (வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், 22 வயதாகியும்) அப்போது கல்லூரியில் இரண்டாம் வருட மிட்டெர்ம் நேரம். அவள் அம்மிச்சியைக் கடைசியாகப் பார்த்தது வாட்ஸ்ஆப் வீடியோவில். ஐசியுவுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் படம் உறைந்து உறைந்து வந்தது. ஒரு நிமிடம்கூட முழுசாக இருக்காது.

இன்னொன்று. அது வசதியில்லாத ஆஸ்பத்திரி இல்லை. சிடி ஸ்கேன் இருந்தது, வென்டிலேட்டர் இருந்தது, நரம்பியல் டாக்டர் தினமும் இரண்டு வேளை வந்து பார்த்தார். அதற்கு முன்னால்கூட, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் மாதாமாதம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அவருக்கு மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். பாப்பாவின் கட்டுரையில் அந்தப் பெண் இல்லை, மோர் இல்லை, நரம்பியல் டாக்டர் இல்லை. ஒரு இருண்ட வார்டும், ஒரு பேத்தியும், ஒரு கையும் மட்டும் இருந்தன.

எனக்குக் கோபம் வந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். கோபம் இல்லை. அந்தக் கை என்னிடமிருந்து எடுக்கப்பட்ட மாதிரி இருந்தது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஒரு பிள்ளையின் எதிர்காலம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது, நான் என் துக்கத்தைக் கொண்டுபோய் அதில் வைக்கலாமா? அன்று ராத்திரி அவளுக்கு "படிச்சேன் கண்ணு, நாளைக்குப் பேசலாம்" என்று மட்டும் அனுப்பினேன்.

எதற்காக இந்தக் கட்டுரை

இங்கே பிள்ளைகளை மெடிசினுக்கு அனுப்பியவர்களுக்கு இது தெரிந்த கதை, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அமெரிக்காவில் நாலு வருட இளநிலைப் படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. எம்டி படிப்புக்கு (இங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே அதுதான்) வருடம் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, 23,000 பேர் அளவில் சேர்கிறார்கள். சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ, அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரி, 4-க்கு 3.8-ஐ ஒட்டி நிற்கிறது, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 528-க்கு 512-ஐ ஒட்டி. பாப்பாவுக்கு ஜிபிஏ 3.2, எம்கேட் 509. எம்கேட் பரவாயில்லை, ஆனால் 3.2-ஐ வைத்துக்கொண்டு நேராகப் போய் நிற்க முடியாது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகவே ஒரு வருட, இரண்டு வருட முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்பார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1975-லிருந்து நடக்கிறது. பாஸ்டன், டஃப்ட்ஸ் என்று இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது. சிலவற்றில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே பரீட்சையை எழுத வேண்டும். நன்றாக எழுதினால், "இந்தப் பிள்ளையால் மருத்துவப் பாடத்தைத் தாங்க முடியும்" என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சுமாராக எழுதினால், அதோடு கதவு ஏறக்குறைய சாத்திக்கொள்ளும். முதுநிலையில் வாங்கும் மதிப்பெண் பழைய இளநிலைச் சராசரியோடு கலக்காது, விண்ணப்பத்தில் தனி வரியாக நிற்கும். பழைய 3.2 அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிதாக ஒரு எண் வரும்.

செலவும் சின்னதில்லை. பல இடங்களில் ஒரு வருடக் கட்டணமே 40,000 டாலரைத் தாண்டுகிறது. 2026 ஜூலை 1-லிருந்து புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, முதுநிலை மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. முதுநிலை மாணவர்கள் மத்திய அரசுக் கடனாக வருடம் 20,500 டாலர்தான் வாங்க முடியும். மிச்சத்துக்கு அக்காவும் மச்சானும் வீட்டின் மேல் கடன் வாங்குவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆக, இது விளையாட்டாக எழுதிப் போடுகிற கட்டுரை இல்லை.

நான் ப்ளஸ் டூ முடித்தது 1996-ல். அப்போது கட்ஆஃப் 300-க்கு. ப்ளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. எனக்கும் டாக்டர் ஆசை இருந்தது, சீட் கிடைக்கவில்லை, பி.ஃபார்ம் போனேன். நீ ஏன் டாக்டராகணும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு பிள்ளையை உட்காரவைத்து "உன் மதிப்பெண் ஏன் இப்படி ஆச்சு, இனிமேல் ஏன் அப்படி ஆகாது, நீயே சொல்லு" என்று கேட்பது எனக்கு ரொம்ப மரியாதையான காரியமாகப் படுகிறது. அந்தக் கேள்விக்கு இரவல் பதில் கொடுத்தால் அந்த மரியாதை வீணாகிவிடும் என்பதுதான் என் உறுத்தலாக இருந்தது.

டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்தேன்

திங்கட்கிழமை பேசுவதற்கு முன்னால் அவளுடைய டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலை, அனுப்பச் சொன்னேன். நான் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறேன். மருந்து தயாரிப்பில் எங்காவது ஒன்று பிசகினால் டீவியேஷன் ரிப்போர்ட் எழுதுவோம். எது பிசகியது, எப்போது, எதனால், என்ன திருத்தினோம், திருத்தியது வேலை செய்தது என்பதற்கு என்ன ஆதாரம். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் விதி 211.192 இதைக் கேட்கிறது, விளக்கமில்லாத எந்த வித்தியாசத்தையும் முழுசாக விசாரித்தாக வேண்டும். 15 வருடமாக இதையே செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் காரணம் என்ற இடத்தில் முதலில் எழுதுவது "ஹியூமன் எரர்". ஆபரேட்டர் கவனக்குறைவு, சரி, பயிற்சி கொடுத்தாச்சு, முடிந்தது என்று. அதை நாங்கள் ஏற்பதில்லை. ஏன் கவனம் தவறியது, அந்த ஷிஃப்டில் மட்டுமா, போன மாதம் அதே மெஷினில் இதே மாதிரி நடந்ததா என்று திரும்பிக் கேட்போம். பெரும்பாலும் போன மாதமும் நடந்திருக்கும். ஏதோ ஒரு பெரிய சம்பவம் நடந்த நாளில்தான் அது கண்ணில் பட்டிருக்கும்.

பாப்பாவின் டிரான்ஸ்கிரிப்டையும் வேறு மாதிரி பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதினேன். 2021 இலையுதிர் பருவம், ஜெனரல் கெமிஸ்ட்ரி, சி பிளஸ். 2022 வசந்தம், கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகம், சி. பயாலஜி, பி மைனஸ். 2022 இலையுதிர், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, சி மைனஸ். அம்மா இறந்தது அந்தப் பருவத்தின் நடுவில். கட்டுரை அந்த சி மைனஸைத்தான் பாட்டியின் சாவோடு சேர்த்துக் கட்டியிருந்தது: என் பாட்டி இறந்தார், நான் உடைந்துபோனேன், மதிப்பெண் சரிந்தது, பிறகு அந்தத் துக்கத்திலிருந்தே வலிமை பெற்றேன்.

ஆனால் முதல் சி வந்தது 2021 டிசம்பரில். அப்போது அம்மா நன்றாக இருந்தார். அந்த மாதம் இரண்டாவது கன்று ஈன்ற சிந்து மாட்டை வீடியோவில் எனக்குக் காட்டினார்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். இதை அவளிடம் சொன்னால் அவள் காதில் எப்படி விழும்? உன் துக்கம் பொய் என்று நான் சொல்வதாகத்தானே விழும். துக்கம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அக்டோபரில் அக்கா ஒரு மாதம் ஊரில் இருந்தாள், இவள் ஹாஸ்டல் அறையில் தனியாக, சடங்குகளை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியத்தன்று ராத்திரி இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். ஆனாலும் தேதி தேதிதான். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் மேசையில் கட்டுரையும் டிரான்ஸ்கிரிப்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் அஞ்சு நிமிஷத்தில் பார்த்ததை, வருடம் நூற்றுக்கணக்கில் இதையே பார்க்கிறவர் பார்க்கமாட்டாரா?

திங்கட்கிழமை

"பாப்பா, முதல் செமஸ்டர்ல என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். அம்மிச்சியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஒண்ணும் ஆகல சித்தி" என்றாள். "அதான் பிரச்சனையே. ஒண்ணுமே ஆகல. எனக்கு எழுதறதுக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் உடம்பு சரியில்லாம போகல, பணக் கஷ்டம் இல்ல, நான் சரியா படிக்கல, அவ்வளவுதான். அதப் போய் யார் படிப்பாங்க? காசு குடுத்து ஒரு கன்சல்டன்ட் வச்சோம்ல, அவங்க ஒரு சீன்ல ஆரம்பிக்கணும்னு சொன்னாங்க. என்கிட்ட இருக்கற ஒரே சீன் அம்மிச்சிதான்." சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. அவள் பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. தன்னிடம் சொல்ல எதுவும் இல்லை என்று முழுசாக நம்பி, கடன் வாங்கியிருக்கிறாள். தன் மூன்று வருட வாழ்க்கையை ஒரு பக்கம் எழுதத் தகுதியில்லாதது என்று நினைக்கிற பிள்ளையிடம் "உண்மையை எழுது" என்று சொல்லி என்ன பிரயோஜனம்? முதலில் அந்த மூன்று வருடம் என்னவென்று யாராவது கேட்க வேண்டும்.

கேட்டேன். அன்று இரவு 11 மணி வரை கேட்டேன். ஸ்கூலில் ஒரு நாளும் உட்கார்ந்து படித்ததில்லை, வகுப்பில் கேட்டாலே ஏ வந்துவிடும். கல்லூரியில் முதல் கெமிஸ்ட்ரி பரீட்சையில் 58. வீட்டில் சொல்லவில்லை. படிப்பது என்றால் அவளுக்குத் தெரிந்தது, நோட்ஸை மறுபடி மறுபடி படிப்பதும் மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுவதும். பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தால் படித்த மாதிரி ஒரு திருப்தி. பரீட்சையில் கேள்வி வேறு முகத்தோடு வந்தால் கை நின்றுவிடும். பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்கள் நேரில் போய்ச் சந்தேகம் கேட்கிற நேரம்) மூன்று செமஸ்டர் ஒரு தடவைகூடப் போகவில்லை. "ஏன் போகல?" என்றேன். "போனா, எனக்குத் தெரியலன்னு தெரிஞ்சுடும்ல" என்றாள்.

அப்புறம் ஆர்கானிக்கில் சி மைனஸ். 2023 கோடையில் அதே பாடத்தை மறுபடி எடுத்து பி. அடுத்த செமஸ்டர் ஆர்கானிக் இரண்டாம் பாகமும் பிசிக்ஸும், இரண்டிலும் பி மைனஸ். முன்னேற்றம்தான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த முன்னேற்றம். 2024 வசந்தத்தில் பிசியாலஜி. அந்தப் பாடத்தில் ஏ மைனஸ். அடுத்த செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி ஏ, செல் பயாலஜி ஏ மைனஸ். கடைசியில் இம்யூனாலஜி ஏ. என் காகிதத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தேன். "2024-ல என்ன மாத்தினே?"

"ஓ, அது லாப் பார்ட்னர்" என்றாள், அது ஒரு விஷயமே இல்லை என்பது மாதிரி.

லாப் பார்ட்னர் 40 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் வளர்ந்த பிறகு பட்டம் முடிக்க வந்தவர். சிறுநீரகப் பாடத்துக்கு முந்தின நாள் பாப்பாவின் மஞ்சள் நோட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளைப் பலகையைக் காட்டி, "ஒரு நெஃப்ரானை வரைஞ்சு, தண்ணி எங்க போகுது, உப்பு எங்க போகுதுன்னு எனக்குச் சொல்லு" என்றாராம். பாப்பா எல்லாப் பாகத்துக்கும் பேர் எழுதினாள். ஹென்லே வளையத்தில் இறங்குகிற பக்கம் தண்ணீரை விடும், ஏறுகிற பக்கம் உப்பை வெளியே தள்ளும், அதுவும் மனப்பாடம். "அதனால சிறுநீர் எப்படி கெட்டியாகுது?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. பேர் தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. அந்த அம்மா பதிலைச் சொல்லவும் இல்லை, கிளம்பவும் இல்லை. 40 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாராம். பாப்பா வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, உப்பு வெளியே சேரச் சேர சுற்றியுள்ள திசு உப்பாகிறது, அந்த உப்புதான் பின்னால் வருகிற குழாயிலிருந்து தண்ணீரை இழுக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்த நேரத்தில், "இப்ப உனக்குத் தெரியும், என் பேஷன்டுக்கு ஏன் ராத்திரியெல்லாம் தாகமா இருக்குன்னு யோசி" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாராம்.

"இது ஏன் கட்டுரையில இல்ல?" என்றேன்.

"அது ரொம்ப போரிங் சித்தி."

அதற்குப் பிறகு அவள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பளிங்கு மாதிரி அட்டை போட்டு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்குமே, அந்த நோட்டு. இடது பக்கம் தப்பாய்ப் போன கேள்வி. வலது பக்கம் மூன்று வரி: நான் என்ன நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன், எங்கே வழி மாறியது. ஓரத்தில் ஒரு எழுத்து, தெரியாமல் தப்பு, குழம்பித் தப்பு, அவசரத்தில் தப்பு. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று நோட்டு நிறைந்திருந்தது. எம்கேட்டுக்கு மட்டும் ஒன்றரை நோட்டு. ஒரு பக்கத்தில், மார்ச் மாதத்தில் செய்த அதே தப்பை ஜூலையில் மறுபடி செய்திருக்கிறாள், பக்கத்தில் பழைய பக்க எண்ணைப் போட்டு அடிக்கோடிட்டிருக்கிறாள். எங்கள் பிரிவில் இதற்கு ஒரு பெயர் உண்டு, எஃபெக்டிவ்னஸ் செக். திருத்தம் வேலை செய்ததா என்று மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்ப்பது. அதைச் செய்யச் சொல்லி நான் வருடக்கணக்காகப் பெரியவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே ஒரு டாலர் விலையுள்ள நோட்டுப் புத்தகத்தில் செய்து வைத்திருக்கிறாள், அதைச் சொல்ல எதுவுமில்லாத வாழ்க்கை என்று நினைத்திருக்கிறாள்.

"கண்ணு, இதுதான் உன் கட்டுரை" என்றேன். எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

அக்கா

செவ்வாய்க்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். "புள்ள மாசக்கணக்கா எழுதினத ஏன்டி இப்பக் கெடுக்கற? வெள்ளிக்கிழமை போடணும்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அம்மா போனது அவளுக்கு ஒண்ணுமில்லையா? நான் ஒரு மாசம் அங்க இருந்தேன், அவ இங்க தனியாக் கெடந்தா. அந்த சி மைனஸ் எங்களால வந்ததுதான்" என்றாள்.

இதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் நான் இருந்தேன், அக்கா இல்லை. அது நாங்கள் இருவரும் மூன்று வருடமாகத் தொடாமல் சுற்றிப் போகிற விஷயம். மகளின் கட்டுரையில் அந்தக் கையைப் பிடித்திருப்பது மகள். அதைப் படிக்கும்போது அக்காவுக்கும் அவள் அம்மாவின் பக்கத்தில் யாரோ தன் வீட்டிலிருந்து இருந்த மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. அதைப் பிடுங்குகிறேன் என்று அவளுக்குத் தோன்றியதில் தப்பில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான். "அக்கா, அம்மாவ எடுக்கச் சொல்லல. அம்மா போனதாலதான் எல்லாம் போச்சுன்னு எழுதினா, முதல் வருஷம் ஏன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு இவகிட்ட பதில் இருக்காது. இன்டர்வியூவில் 'அந்த ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சு'ன்னு ஒருத்தர் கேட்டா, இவ என்ன சொல்லுவா? நான் இருந்தேன், எனக்கே சரியா ஞாபகமில்ல." அக்கா ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அவளுக்கு எது சரின்னு தோணுதோ எழுதட்டும்."

புதிதாக எழுதியது

பாப்பா மூன்று ராத்திரி எழுதினாள். நான் எழுதிக் கொடுக்கவில்லை, திருத்தவும் இல்லை, கேள்விதான் கேட்டேன். இந்த மாதிரிக் கட்டுரைகளைப் பற்றி எனக்கு இப்போது ஒரு உறுதியான கருத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரிக்கு எழுதுகிற கட்டுரையில் (ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்து) ஏன் மருத்துவம் என்பதுதான் முதல் கேள்வி. இந்த முதுநிலைப் படிப்புக்கு எழுதும்போது, நீ டாக்டராக ஆசைப்படுகிறாய் என்பதை அவர்கள் ஏற்கெனவே நம்பிவிட்டார்கள், இல்லாவிட்டால் இவ்வளவு காசு கட்டி யார் வருவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: எது உடைந்தது, யார் சொல்லி அல்லது எதைப் பார்த்து அதை நீ கண்டுபிடித்தாய், சரி செய்ததற்கு என்ன அத்தாட்சி, ஒரே வருடத்தில் மருத்துவ மாணவர்களின் பாடச் சுமை தலையில் விழும்போது அது மறுபடி உடையாமல் இருக்க என்ன செய்வாய். படித்து முடிப்பவர்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்களா என்பதில் அந்தப் படிப்பின் பெயரும் இருக்கிறது. அவர்களும் உன் மேல் பந்தயம் கட்டுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய்த் துக்கத்தைக் காட்டுவதைவிட, நோட்டைக் காட்டுவது நேர்மையான காரியம்.

அவளுடைய புதிய கட்டுரை வெள்ளைப் பலகையில் ஆரம்பித்தது. ஒருவர் என் நோட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார் என்பது முதல் வரி. இரண்டாம் பத்தியில் 58, மஞ்சள் ஹைலைட்டர், போகாத ஆபீஸ் அவர்ஸ். பரிதாபமாகவும் எழுதவில்லை, தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை, நடந்ததை நடந்த மாதிரி எழுதியிருந்தாள். மூன்றாவதில் நோட்டு. அப்புறம் வார இறுதிகளில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்கிற கதை. அங்கே ஒரு மூதாட்டி தட்டைத் தொடவேமாட்டார், பசியில்லை என்று எல்லோரும் குறித்துவைத்திருந்தார்கள். இவள் ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறாள், அவர் தட்டைப் பார்த்துவிட்டு ஸ்பூனை எடுத்தாராம். "பசி இல்லை என்று எழுதுவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதை நான் என் தப்புகளிலிருந்துதான் கற்றேன்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

அம்மாவுக்கு அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் எழுதியதை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்: "அந்த அக்டோபரில் என் பாட்டி இறந்தார், நான் அவர் பக்கத்தில் இல்லை, ஆனால் என் மதிப்பெண்கள் அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தன."

அக்காவுக்கு அதை அவளே படித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு இடத்துக்குப் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு இடத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றில் கேட்ட முதல் கேள்வியே நோட்டைப் பற்றித்தானாம், கையோடு கொண்டுபோயிருந்ததைக் காட்டியிருக்கிறாள். இன்னும் பதில் வரவேண்டியிருக்கிறது.

போட்டு முடித்த அன்று ராத்திரி அவள் மறுபடி கூப்பிட்டாள். விண்ணப்பத்தைப் பற்றி என்றுதான் நினைத்தேன். "சித்தி, அம்மிச்சி கை நெஜமா எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை.

சொன்னேன். இடது கை அசையவில்லை, வலது கை நன்றாக இருந்தது, கடைசி நாள் வரைக்கும் சூடாக இருந்தது. பேச்சு குழறியதால் முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கட்டிலின் விரிப்பு மேல் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தன. நர்ஸ், கை நடுங்குகிறது என்று நினைத்தார். நான் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தோட்டத்து வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குமே, சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் கணக்கு நோட்டு, அதில் மூன்று நாளாக யாரும் எழுதவில்லை. காலையில் நாலரை லிட்டர், சாயங்காலம் மூன்று. போட்டுட்டியா, போட்டுட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டுட்டேன்மா என்றேன். நான் போடவில்லை. ஊருக்குப் போன பிறகு பதினோராம் நாள்தான் அந்த நோட்டை எடுத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டுக் கேட்டு, விட்டுப்போன ஒவ்வொரு வேளைக்கும் லிட்டரைப் போட்டு முடித்தேன்.

"அந்த நோட்டு இப்ப எங்க சித்தி?" என்றாள்.

என்னிடம்தான் இருக்கிறது என்றேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது காட்டச் சொன்னாள்.